மண்ணின் தேய்மானத்தை எந்தப் பாடத்தில் கற்பிப்பது?

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும்படி 1991-இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. அதன் தொடர்ச்சியாகவே எல்லா இளநிலைப் பட்டப் படிப்புகளுக்கும் உரிய ஆறு மாதப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. நம் கல்லூரிகளில் அது பகுதி நான்கில் ஒரு தாளாக இருக்கிறது. மாணவர்கள் வினாவங்கியைப் புரட்டி, சூழல்மண்டலத்தின் வரையறையை மனப்பாடம் செய்து, தேர்ச்சி பெற்றுவிடுகிறார்கள். அந்தத் தாளால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வளங்குன்றா வளர்ச்சியைப் பற்றிப் பேசவேண்டிய கடமையிலிருந்து மற்றத் துறைகளை அது விடுவித்துவிட்டது என்பதே, நீலகிரியில் வணிகவியல் கற்பித்துவரும் எனக்குள்ள குறை.

என் வகுப்பில் சிறு தேயிலை விவசாயிகளின் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். அடக்கவிலைக் கணக்கியலில் பாடநூல் தரும் ஏதோவொரு தொழிற்சாலைக்குப் பதிலாக, அவர்கள் வீட்டுத் தோட்டத்தையே கணக்காகக் கொடுக்கிறேன். ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைத் தேயிலையிலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும் என்பதும், பறிப்புக் கூலியும் உரச் செலவும் அவர்களுக்கு அத்துப்படி. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடிகளை வெட்டிவிடும் கவாத்துச் செலவை அந்த ஆண்டின் தலையில் மட்டும் சுமத்தாமல் பரவலாக்க வேண்டும் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். கவாத்து இயந்திரத்துக்கும் தவறாமல் தேய்மானம் எழுதுகிறார்கள். அப்போதுதான் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, மெஷினுக்குத் தேய்மானம் போடறோம். சரிவுல மழைக்கு அடிச்சிட்டுப் போற மண்ணுக்கு ஏன் போடறதில்லை?"

வழக்கமான கணக்கியலில் அதற்கு இடமில்லை என்பதே நேர்மையான விடை. வகுப்பை அதோடு முடித்திருக்கலாம். ஆனால் இழந்ததை ஈடுசெய்ய ஆகும் செலவைக்கொண்டு மதிப்பிடும் முறை அதே பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது. அமோனியா சார்ந்த தழைச்சத்து உரங்களைத் தொடர்ந்து இடுவதால் தேயிலை மண்ணின் அமிலத்தன்மை கூடும். தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர்தான் என்றாலும், கார அமில நிலை (pH) 4.5-க்குக் கீழே இறங்கினால் அதற்கும் கேடுதான். அதனாலேயே கவாத்தையொட்டி, அமிலத்தன்மையைத் தணிக்கும் கனிமத் தூளான டோலமைட்டை இடுகிறார்கள். வேதியியல் ஆய்வகத்தில் மண்மாதிரியைச் சோதித்துத் தேவையான டோலமைட்டின் அளவைக் கண்டறிந்தால், அதன் விலை என் மாணவர்களின் அடக்கவிலைத் தாளில் ஒரு வரியாக ஏறும். அடித்துச் செல்லப்பட்ட மேல்மண்ணின் முழு மதிப்பு அதில் அடங்காதுதான். ஆயினும் சுழியம் என்று விடப்பட்டிருந்த இடத்தில் ஒரு தொகை வந்துவிடுகிறது. 'லாபம்' என்று நினைத்த தொகையின் ஒரு பகுதி உண்மையில் மூலதனத்தைத் தின்றதால் வந்தது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்கிறார்கள்.

புள்ளியியலுக்கு இந்த மாவட்டத்தைவிடச் சிறந்த பாடப்பொருள் கிடைப்பது அரிது. உதகையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக ஆயிரத்துச் சொச்சம் மில்லிமீட்டர்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. சராசரியை மட்டும் நம்பிச் சாலையோர வடிகாலை வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதை, நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2009 நவம்பர் மண்சரிவுகளை நினைவில் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியதில்லை. உச்ச அளவுகளின் பரவலையும் அத்தகைய மழை சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்னும் மீள்வருகைக் காலத்தையும் கணக்கிடத்தான் கற்றுத்தர வேண்டும்.

வரலாற்றுத் துறையினரிடம் நான் அடிக்கடி வலியுறுத்துவது ஒன்றுண்டு. இங்கே மரம் நடுவது தானாகவே நற்செயல் ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) முதலில் விறகுத் தட்டுப்பாட்டைப் போக்கவும், பின்னர் தோல் பதனிடவும் செயற்கை இழை தயாரிக்கவும் பெருமளவில் நடப்பட்டன. அவை பரவியது பெரும்பாலும் சோலைகளுக்கிடையே இருந்த புல்வெளிகளில்தான். எந்த ஆண்டில், யார் உத்தரவால், எந்தக் காரணத்தைக் காட்டி நட்டார்கள் என்பதை ஆவணங்களிலிருந்து எடுத்து எழுதும் மாணவர், கல்லூரியில் நடக்கும் மரக்கன்று நடும் விழாவில் எந்த இனம், எந்த நிலத்தில் என்று கேட்காமல் இருக்கமாட்டார். (விழாக் குழுவினருக்கு இது பிடிக்காது என்பது வேறு விஷயம்.)

இயற்பியலுக்கு ஒரு கணக்குப் போதும். ஆயிரம் லிட்டர் நீர் 900 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், இழப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், ஏறக்குறைய இரண்டரை யூனிட் மின்சாரம் கிடைக்கும். 1932 முதல் பைக்காரா நீரில் மின்சாரம் எடுத்துவரும் மாவட்டத்தில், அந்த நீர் மாயாற்றில் சேர்ந்து பவானிசாகருக்குப் போகும் வழியையும் கணக்கோடு சேர்த்தே சொல்லலாம்.

"போர்ஷனை முடிக்கவே நேரமில்லை" என்று சக ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இணைவுபெற்ற கல்லூரியில் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளது. ஆனால் கூடுதல் அலகு எதையும் நான் கேட்கவில்லை. எப்படியும் போடவேண்டிய கணக்கின் எடுத்துக்காட்டை மாற்றினால் போதும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் ஒப்படைப்புத் தலைப்பும் நம் விருப்பத்துக்கு உட்பட்டவையே. உண்மையான சிக்கல் மதிப்பீட்டில் இருக்கிறது. வேதியியல் முடிவு சரியா என்று வணிகவியல் ஆசிரியரால் சொல்ல முடியாது. அடக்கவிலைத் தாளை வேதியியல் ஆசிரியர் திருத்த முடியாது. ஒப்படைப்பை இரு துறையினரும் தத்தம் பகுதிக்கு மட்டும் மதிப்பிட்டு, மதிப்பெண்ணை அவரவர் தாளிலேயே பதிவுசெய்வதே இப்போதைக்கு நடைமுறையில் சாத்தியமான வழி. இதைப் பருவம் தொடங்குமுன் துறைத் தலைவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும்; பாதியில் தொடங்கினால் ஆய்வக நேரம் கிடைக்காது.