கட்டிட அனுமதியும் சாய்தளமும்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 நகரங்களுக்கு விதிப்பது என்ன?

ஒரு கட்டிடத்துக்குள் சக்கர நாற்காலியில் செல்ல முடியுமா, முடியாதா என்பது பெரும்பாலும் அதன் வரைபடம் அனுமதிக்குப் போகும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. இதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். தெரு மட்டத்திலிருந்து மூன்று படிகள், அதாவது சுமார் 45 செ.மீ. உயரத்தில் வாசல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம், என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான தரம். அப்படியானால் அந்த மூன்று படிகளுக்கு ஈடான சாய்தளம் குறைந்தது 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். வரைபடத்தில் அந்த நீளத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருந்தால் செலவு சொற்பம். கட்டி முடித்த பிறகு நினைவுக்கு வந்தால், மீந்திருக்கும் ஒன்றரை மீட்டருக்குள் ஒரு சிமென்ட் சரிவைப் பூசிவிடுகிறார்கள். அதில் இருசக்கர வாகனத்தை முறுக்கி ஏற்றலாம். நம் ஊர்க் கடை வாசல்களில் உள்ள பல சரிவுகள் அதற்காகவே போடப்பட்டவை. சக்கர நாற்காலியில் தனியாக ஏற முயல்பவர் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடுவார்.

அனுமதி வழங்கும் கட்டத்திலேயே இந்தத் தவறைத் தடுக்க வேண்டும் என்பதுதான் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் அணுகல் தொடர்பான பிரிவுகளுடைய நோக்கம். ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சியாக, 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. புதிய சட்டத்தில் அவை 21 வகைகளாக விரிந்துள்ளன. வேலைவாய்ப்பு, கல்வி ஆகியவற்றில் இடஒதுக்கீடு பெற 40 சதவீதக் குறைபாட்டுக்கான சான்றிதழ் தேவைப்படுகிறது. கட்டிடமும் தெருவும் தடையின்றி இருக்க வேண்டும் என்ற உரிமைக்கு அப்படிப்பட்ட சதவீத வரம்பு எதுவும் கிடையாது. இதை அறியாத அலுவலர்கள் சிலர், புகார் கொடுக்க வருபவரிடம் முதலில் சான்றிதழைக் கேட்கிறார்கள்.

எந்தக் கட்டிடங்களுக்கு இது பொருந்தும் என்பதில்தான் குழப்பம் அதிகம். சட்டம் 'பொதுக்கட்டிடம்' என்று சொல்வது அரசுக் கட்டிடத்தை மட்டும் அல்ல. அரசுக்குச் சொந்தமோ தனியாருக்குச் சொந்தமோ, பொதுமக்கள் புழங்கும் எந்தக் கட்டிடமும் அதில் அடங்கும். பள்ளி, கல்லூரி, பணியிடம், வணிக வளாகம், மருத்துவமனை, வழிபாட்டிடம், பொழுதுபோக்கு இடம், காவல் நிலையம், நீதிமன்றம், ரயில் நிலையம், பேருந்து நிலையம், விமான நிலையம் என அந்த வரையறை நீள்கிறது. 'இது தனியார் இடம், எங்களைக் கேட்க முடியாது' என்று ஒரு திரையரங்கமோ திருமண மண்டபமோ சொன்னால் அது சட்டப்படி நிற்காது. ஒருவர் தாம் குடியிருக்கத் தமக்கென்று கட்டிக்கொள்ளும் தனி வீடு இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது.

அனுமதி, நிறைவுச் சான்றிதழ், பழைய கட்டிடங்கள்

பிரிவு 40-இன்படி, கட்டிடங்கள், போக்குவரத்து, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான அணுகல் தரங்களை மத்திய அரசு விதிகளாக வகுக்க வேண்டும். அந்த விதிகளுக்குப் பல்லைத் தருவது பிரிவு 44. விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துடன் வரும் எந்த நிறுவனத்துக்கும் கட்டிட அனுமதி தரக் கூடாது. விதிகளைப் பின்பற்றாமல் கட்டி முடித்திருந்தால் பணி நிறைவுச் சான்றிதழும் தரக் கூடாது, குடியேறவும் விடக் கூடாது. இவ்வாறு இரண்டு கதவுகளை வைத்திருக்கிறார்கள். முதல் கதவில் வரைபடத்தைப் பார்க்க வேண்டும், இரண்டாவதில் கட்டிடத்தையே நேரில் அளந்து பார்க்க வேண்டும். வரைபடத்தில் அழகாக வரையப்பட்ட சாய்தளம் தரையில் காணாமல்போவது இந்த இரண்டுக்கும் இடையில்தான் என்பதால், இரண்டாவது கதவே முக்கியமானது என்பது என் கருத்து.

ஏற்கெனவே இருக்கும் கட்டிடங்களைப் பற்றிப் பேசுவது பிரிவு 45. விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் அவை அனைத்தையும் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும். மாநிலங்களின் நிலையைப் பார்த்து மத்திய அரசு அவகாசத்தை நீட்டிக்கலாம். முதல் விதிகள் 2017 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டன என்பதால், அந்த 5 ஆண்டுகள் 2022-லேயே கடந்துவிட்டன. அதே பிரிவில் பலர் கவனிக்காத இன்னொரு கடமையும் உள்ளது. ஆரம்ப சுகாதார நிலையங்கள், அரசு மருத்துவமனைகள், பள்ளிகள், ரயில் நிலையங்கள், பேருந்து நிறுத்தங்கள் போன்ற இன்றியமையாத இடங்களில் எதை முதலில் மாற்றப்போகிறோம் என்று வரிசைப்படுத்தி, அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் செயல்திட்டம் ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும். 'வெளியிட வேண்டும்' என்ற சொல் சட்டத்திலேயே இருப்பதால், அதைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமையாகிறது.

இவ்வளவு தெளிவான சட்டம் நடைமுறையில் ஏன் தளர்ந்தது என்பதற்கு உச்ச நீதிமன்றமே ஒரு விளக்கம் தந்திருக்கிறது. ராஜீவ் ரத்தூரி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு அது. 2005-இல் தொடுக்கப்பட்ட அந்த வழக்கில் 2017 டிசம்பரிலேயே பல உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன. அவை எந்த அளவுக்கு நிறைவேறின என்பதை ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில் உள்ள ஆய்வு மையம் பின்னர் பரிசீலித்து அறிக்கை அளித்தது. 2017 விதிகளின் 15(1) தானாக எந்த அளவையும் கட்டாயமாக்காமல், பல்வேறு அமைச்சகங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல்களைக் கைகாட்டிவிட்டு நின்றது என்பதே நீதிமன்றம் கண்ட குறை. வழிகாட்டுதல் என்பது பரிந்துரைதான். சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி பரிந்துரையாகக் குறைக்க முடியாது என்று கூறி, அந்த விதி சட்டத்துக்கு முரணானது என நீதிமன்றம் அறிவித்தது. தளர்த்த முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து 3 மாதங்களுக்குள் கட்டாய விதிகளாக வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அவ்விதிகள் வந்த பிறகு மீறுவோருக்கு நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது ஆகியவை உண்மையாகவே நடக்க வேண்டும் என்றும் கூறியது.

அதே தீர்ப்பு விளக்கும் ஒரு வேறுபாடும் புகார் எழுதுபவருக்குப் பயன்படும். அணுகல் வசதி என்பது யார் வருவார் என்று தெரியாமலேயே எல்லோருக்காகவும் முன்கூட்டிச் செய்துவைப்பது. நியாயமான இணக்க ஏற்பாடு என்பது குறிப்பிட்ட ஒருவர் கேட்கும்போது அவருடைய தேவைக்கேற்பச் செய்துதருவது. 'நீங்கள் வந்தால் நான்கு பேரை அனுப்பித் தூக்கச் சொல்கிறோம்' என்ற பதிலை இந்த இரண்டில் எதிலும் சேர்க்க முடியாது.

எதை அளந்து பார்ப்பது?

மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2016-இலும் பின்னர் 2021-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் தேசியக் கட்டிட விதித்தொகுப்பிலும் அளவுகள் விரிவாக உள்ளன; தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடுகள் சேர்க்கப்பட்டுள்ளன. சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1 என்பதுதான் அதிகபட்சம். உயரம் கூடினால் சரிவு இன்னும் மெதுவாக இருக்க வேண்டும், நடுநடுவே சமதளம் வர வேண்டும், இருபுறமும் கைப்பிடி இருக்க வேண்டும். கதவுகள் குறைந்தது 90 செ.மீ. அகலம் திறக்க வேண்டும். சக்கர நாற்காலி முழுவதுமாகத் திரும்புவதற்கு 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் தேவை. கழிப்பறைக்குள் இந்த இடத்தை விட்டுவிட்டுப் பிறகு அங்கேயே துடைப்பத்தையும் வாளிகளையும் அடுக்கிவைத்திருப்பதைப் பார்க்காதவர் குறைவு. வழி முன்வாசலிலேயே இருக்க வேண்டும். சரக்கு இறக்கும் பின்வாசல் வழியாக ஒருவரைச் சுற்றி வரச் செய்வதைச் சம வாய்ப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அணுகல் என்றாலே சாய்தளம் என்று எண்ணுவது அலுவலகங்களில் வேரூன்றிய பழக்கம். பார்வையற்றவருக்கு மின்தூக்கியின் பொத்தானில் பிரெய்ல் எழுத்தும் தளத்தைச் சொல்லும் குரலும் வேண்டும். காது கேளாதவருக்கு, ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் அதே செய்தி திரையிலும் தெரிய வேண்டும், தீ எச்சரிக்கை ஒளியாகவும் மின்ன வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குப் படங்களுடன் கூடிய எளிய வழிகாட்டிப் பலகை உதவும்.

பார்வையற்றவர்களுக்காக நடைபாதைகளில் பதிக்கப்படும் மஞ்சள் ஓடுகளைப் பற்றிச் சற்றே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1967-இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட இந்த ஓடுகள் இரண்டு சொற்களே கொண்ட ஒரு மொழி: நீள்கோடுகள் 'போகலாம்' என்றும், புள்ளிகள் 'நில், கவனி' என்றும் காலுக்கும் கைத்தடிக்கும் சொல்கின்றன. இது தெரியாமல் அலங்காரமாகப் பதிக்கும்போது கோடுகள் நேராக மின்மாற்றியில் போய் முடிகின்றன, புள்ளிகள் வர வேண்டிய சாலைக் கடப்பில் கோடுகள் வந்துவிடுகின்றன. தவறாகப் பதித்த ஓடு, பதிக்காத தரையைவிட ஆபத்தானது. அதை நம்பித்தான் ஒருவர் அடுத்த அடியை வைக்கிறார்.

நடைபாதையின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்றும், தடையில்லாமல் நடப்பதற்கு குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றும் இந்தியச் சாலைகள் பேரவையின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் நகரத்தில் தடைகள் பெரும்பாலும் ஒரு துறையின் எல்லை முடிந்து இன்னொன்றின் எல்லை தொடங்கும் இடத்தில்தான் உருவாகின்றன. மருத்துவமனையின் சாய்தளம் சரியாக இருக்கும். அது இறங்கும் நடைபாதை மாநகராட்சியுடையது, அங்கே சரிவு இருக்காது. பேருந்து நிறுத்தம் வேறு துறையின் பொறுப்பு. நடுவில் நிற்கும் மின்கம்பம் மின்வாரியத்துடையது. ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் செய்துவிட்டதாகக் கோப்பில் எழுத முடியும். பராமரிப்பும் இப்படித்தான். சென்னை மெரினாவில் கடல் அலை வரை செல்லும் மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சிதைந்து, பழுதுபார்த்த பின்னரே மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. செயல்திட்டத்தில் கட்டுவதற்கு நிதி ஒதுக்குவது போல, பழுதுபார்க்கவும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும்.

புகார் எங்கே, எப்படி?

முதலில் கட்டிடத்தின் நிர்வாகத்துக்கும், அதற்கு அனுமதி வழங்கிய உள்ளாட்சி அல்லது திட்ட அமைப்புக்கும் எழுத்து வடிவில் மனு கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். பலன் இல்லையெனில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். ரயில்வே, அஞ்சலகம் போன்ற மத்திய அரசின் அமைப்புகள் என்றால் டெல்லியில் உள்ள முதன்மை ஆணையரிடம் முறையிட வேண்டும். சாட்சிகளை வரவழைப்பதிலும் ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதிலும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவருடைய பரிந்துரையைப் பெற்ற அமைப்பு 3 மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்க மறுத்தால், அதற்கான காரணத்தை ஆணையருக்கும் முறையிட்டவருக்கும் அதே காலத்துக்குள் சொல்ல வேண்டும். சட்டத்தையோ விதிகளையோ மீறியதாக நிரூபிக்கப்பட்டால், பிரிவு 89-இன்படி முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். பெரிய வணிக வளாகத்துக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டாக இருக்காது என்பதால்தான், நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை முதன்மையானதாகக் கருத வேண்டியிருக்கிறது.

மனுவில் 'வசதி இல்லை' என்று மட்டும் எழுதினால் 'வசதி உள்ளது' என்ற பதில் வரும். வாசலின் உயரத்தையும் சாய்தளத்தின் நீளத்தையும் நாடாவால் அளந்து, அளவு தெரியும்படி படமெடுத்து, தேதியுடன் இணைப்பது நல்லது, 45 செ.மீ. உயரத்துக்கு 1.5 மீட்டர் சரிவு என்று எழுதிவிட்டால் மறுப்பதற்கு இடமிருக்காது. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன், அந்தக் கட்டிடத்தின் அனுமதிக்கப்பட்ட வரைபடம், நிறைவுச் சான்றிதழ், அது வழங்கப்படுமுன் நடந்த நேரடி ஆய்வின் அறிக்கை, பிரிவு 45-இன் கீழ் உள்ளாட்சி வெளியிட்ட செயல்திட்டம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆய்வு அறிக்கை இல்லை என்று எழுத்தில் பதில் வந்தால், ஆணையரிடம் கொடுக்கும் முறையீட்டில் முதல் இணைப்பாக அதையே வைக்க வேண்டும்.