மூன்றாம் பந்திக்கும் விடியச் சமைத்த சோறா? வன்னியில் வீட்டோடு கலியாண விருந்து வைப்பவர்களுக்கு

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மண்டபங்கள் வந்துவிட்டாலும், கோயிலில் தாலி கட்டி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு விருந்து வைக்கும் வழக்கம் வன்னியில் விட்டுப்போகவில்லை. செலவு குறைவு, வளவு பெரிது, அயலட்டை முழுக்க வந்து தோள் கொடுக்கும். அந்த விருந்தில் சாப்பிட்டவர்களுக்கு இரவோ மறுநாளோ சத்தியும் வயிற்றோட்டமும் வந்தால், சமையல்காரர் சுத்தமில்லை என்றுதான் ஊர் முதலில் சொல்லும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களாக விசாரிக்கப் போகும்போது நாங்கள் முதலில் கேட்பது வேறு: சோறு எத்தனை மணிக்கு இறக்கினது? கடைசிப் பந்தி எத்தனை மணிக்கு இருந்தது?

ஏன் அப்படிக் கேட்கிறோம் என்று சொல்கிறோம். வைகாசி, ஆனி, ஆவணி, தை மாதங்களில் நல்ல நாளும் முகூர்த்தமும் ஒன்றாக வரும்போது, ஊரில் இருக்கும் ஒரு சமையல்காரரே இரண்டு வீட்டுக்குக் கை கொடுத்திருப்பார். உங்கள் வீட்டு அடுப்பை இரவு 1 மணிக்கு மூட்டி, விடிய 5 மணிக்கு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மற்ற வீட்டுக்குப் போவார். தாலி கட்டு 11 மணிக்கு. மாப்பிள்ளை பொம்பிளை படம் எடுக்கக் குளக்கட்டுப் பக்கம் போய்த் திரும்ப 1.30. முதல் பந்தி 2 மணி, மூன்றாம் பந்தி 3.30. விடிய இறக்கிய சோறு பத்தரை மணித்தியாலம் பந்தலுக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறது. கிடாரத்தை எவ்வளவு தேய்த்துக் கழுவியிருந்தாலும் இந்தப் பத்தரை மணித்தியாலத்தை ஈடு செய்ய முடியாது.

உணவில் கிருமி பெருகுவது 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில். தகரப் பந்தலுக்குக் கீழே வைகாசி மத்தியான வெக்கை கிருமிக்கு நல்ல வாய்ப்பு. சோற்றில் வருவது பசிலஸ் சீரியஸ். இதன் வித்திகள் அரிசியோடேயே வருகின்றன, கொதியிலும் சாவதில்லை. சோறு ஆறத் தொடங்கியதும் முளைத்துப் பெருகி நஞ்சை விடுகின்றன. சத்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. "பழசு எண்டாலும் நல்லாக் கொதிக்க வைச்சனாங்கள்" என்று சொல்பவர்களுக்கு நாங்கள் விளங்கப்படுத்துவது இதைத்தான். சோறு மணக்காது, நூல் விடாது, ருசியிலும் ஒன்றும் தெரியாது. பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம்.

இறைச்சிக் கறியில் வருவது குளோஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ். தாலி கட்டன்று மரக்கறி, வரவேற்பு விருந்துக்கோ நாலாம் சடங்குக்கோ ஆட்டிறைச்சி என்று வைக்கிற வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெரிய கிடாரத்தில் இறைச்சிக் கறி இறக்கினால் வெளிப்பக்கம் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகும் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு நிற்கும். கொதித்ததில் காற்று வெளியேறிய அந்த ஆழம் இந்தக் கிருமிக்கு ஏற்ற இடம். 43 முதல் 47 பாகை வரையான சூட்டில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருக்கால் இது இரட்டிக்கும். ஆகவே முதல் நாள் பின்னேரம் சமைத்து, மூடி வைத்து, மறுநாள் மத்தியானம் "சூடு காட்டி"ப் பரிமாறும் ஆட்டுக்கறிதான் கலியாண வீட்டில் எங்களுக்கு அதிகம் பயம் தரும் கிடாரம். இறைச்சியை அன்றைக்கே சமையுங்கள். தவிர்க்க முடியாமல் முந்தியே சமைத்தால், கறியை நாலு விரல் உயரத்துக்கு மேற்படாமல் அகலமான தட்டங்களில் பரப்பி, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, 2 மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் போக்குங்கள். திரும்ப எடுத்தால் கறி முழுவதும் கொதி வர வேண்டும், நடுவில் 75 பாகை தாண்ட வேண்டும்.

நேரத்தைப் பந்தியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சமையல்காரர் சாமான் துண்டு எழுதித் தரும்போதே நேரத்தையும் எழுதி வாங்குங்கள். முற்பணம் கொடுத்த பிறகு கேட்டால் நடக்காது. 300 பேருக்கு மரக்கறிச் சாப்பாடு என்றால் ஏறக்குறைய 35 கிலோ அரிசி போதும். இதை 20 கிலோ, 15 கிலோ என்று இரண்டு தரமாகப் போடச் சொல்லுங்கள். முதல் தரம், பந்தி இருக்கும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் இறங்க வேண்டும். இரண்டாம் கிடாரத்தில் தண்ணீரைக் கொதியில் வைத்திருந்து, முதல் பந்திக்கு இலை போடும்போது அரிசியைப் போட்டால், மூன்றாம் பந்திக்கு ஆவி பறக்கும் சோறு கிடைக்கும். இதற்கு ஒரு ஆள் அடுப்படியில் நிற்க வேண்டும். அந்த ஆளுக்குரிய கூலியைத் தனியாகக் கொடுங்கள். கலியாணச் செலவில் இதைவிடப் பயனுள்ள செலவு கொஞ்சம்தான்.

முதல் நாள் இரவே முடித்துவைக்கக்கூடிய வேலைகள் நிறைய உண்டு. மரக்கறி வெட்டலாம், வெங்காயம் உரிக்கலாம், தூள் வறுக்கலாம், வடைக்குப் பருப்பை விடியப்புறம் ஊறப்போடலாம். அப்பளமும் மோர்மிளகாயும் காலையில் பொரித்தாலும் கெடாது. புளி விட்ட கத்தரிக்காய்க் குழம்பு கொஞ்சம் தாங்கும். பருப்பும் பால்கறியும் தாங்காது. தேங்காயை மட்டும் இரவில் திருவி வைக்காதீர்கள்.

சொதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதற்பாலைக் கையால் பிழிந்து கடைசியில் விடுகிறோம். கொதித்தால் பால் திரைந்துவிடும் என்பதால் நுரை கட்டி வரும்போதே இறக்குகிறோம். அடுப்பு அணைந்த பிறகு தேசிக்காய்ப் புளி. அதாவது கை பட்ட பால், முழுக் கொதி காணாமலே இலைக்கு வருகிறது. பிழிந்தவரின் விரலில் ஒரு சீழ்ப்புண் இருந்தாலே போதும், ஸ்டபிலோகொக்கஸ் கிருமி அந்தப் பாலுக்குள் இறங்கும். அது விடும் நஞ்சும் சூட்டுக்கு அழியாதது, சாப்பிட்டு 1 முதல் 6 மணித்தியாலத்துக்குள் சத்தி எடுக்க வைக்கும். பெரிய கிடாரத்தில் ஒரேயடியாகச் சொதி வைப்பதைக் கைவிடுங்கள். வெந்தயம், வெங்காயம், மிளகாய் அவித்த தண்ணீரைக் கொதியில் வைத்திருந்து, பந்திக்குப் பந்தி சின்னச் சருவத்தில் பாலை விட்டு எடுங்கள். கால் மணித்தியால வேலை. சம்பலும் தயிர்ப் பச்சடியும் இதே முறையில்தான்.

இறக்கிய மற்றக் கறிகளைத் தணலில் வைத்து, அரை மணிக்கு ஒருக்கால் அகப்பையால் அடியில் இருந்து மேலே புரட்டிவிடுங்கள். உணவு வெப்பமானி ஒன்று வாங்கிக் கிடாரத்தின் நடுவில் குத்திப் பாருங்கள், 60 பாகைக்குக் கீழே போனால் விறகைத் தள்ளுங்கள். வெப்பமானி இல்லையென்றால், புரட்டும்போது ஆழத்தில் இருந்து ஆவி எழுகிறதா என்று பாருங்கள். சூடு விட்டுப்போன உணவு 2 மணித்தியாலத்துக்குள் இலைக்குப் போய்விட வேண்டும். 4 மணித்தியாலம் கடந்ததை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தண்ணீர்

குடிக்க, கைகழுவ, சமைக்க, பாத்திரம் கழுவ என்று ஆளுக்கு 10 லீற்றர் கணக்கு வையுங்கள். 300 பேருக்கு 3,000 லீற்றர். ஆவணியில் வன்னிக் கிணறுகள் அடிக்குப் போய்விடும், அதனால் பவுசரோ உழவு இயந்திரத்தில் வரும் தாங்கியோ கட்டாயமாகிறது. அதை எங்கே நிரப்பினார்கள் என்று கேளுங்கள். அந்தத் தாங்கியிலும் பரலிலும் முன்பு என்ன இருந்தது என்றும் கேளுங்கள். வயல் வேலைக்கு மருந்து கலக்கிய நீலப் பரலைக் கழுவிவிட்டுக் குடிதண்ணீருக்கு வைப்பது மிகவும் ஆபத்து. எத்தனை தரம் கழுவினாலும் அந்தப் பரல் குடிதண்ணீருக்கு உதவாது.

உங்கள் கிணற்றுத் தண்ணீரையே பாவிப்பதாக இருந்தால், முதல் நாள் பின்னேரம் குளோரின் தூள் இடுங்கள். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் கணக்கு. 10 அடி, அதாவது 3 மீற்றர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 14,000 லீற்றர், அதற்கு 35 கிராம். அதே கிணற்றில் 3 அடித் தண்ணீர்தான் நின்றால் 16 கிராம் போதும். போன முறை போட்ட அளவையே கண்ணை மூடிக்கொண்டு போடுவதால்தான் தண்ணீர் மூக்கைத் துளைக்கிறது. தூளை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றில் இறக்கி, வாளியை மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். அடியில் படிந்ததைக் கிணற்றில் கொட்டினால், ஏற்கெனவே கடினமான வன்னித் தண்ணீர் இன்னும் கடினமாகும். மூடாமல் வைத்திருந்த பழைய தூளுக்கு வீரியம் இருக்காது. கலங்கல் தண்ணீரும் குளோரினைத் தின்றுவிடும். ஒரு மணித்தியாலம் கழித்து மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று உங்கள் பகுதிப் பரிசோதகர் வந்து அளந்து சொல்வார்.

மாரி வெள்ளம் வழிந்து நிரம்பிய கிணறுகளைத் தை மாதக் கலியாணத்துக்கு முன் இறைத்துத் துப்புரவாக்கிய பிறகே குளோரின் இட வேண்டும். விருந்துக்கென்று புதிதாக மலசலகூடக் குழி வெட்டினால் கிணற்றில் இருந்து 50 அடிக்குக் கிட்ட வரக்கூடாது, அடுத்த வளவுக் கிணறும் இந்தக் கணக்கில் சேரும்.

நன்னாரிச் சர்பத்துக்கு மீன் வாடிக்கு வரும் ஐஸ்கட்டியை உடைத்துப் போடுவதைக் கரையோர ஊர்களில் காண்கிறோம். மீன் ஐஸ் மீனுக்குத்தான். குடிதண்ணீரில் செய்த ஐஸ் கிடைக்காவிட்டால், சர்பத் போத்தலை ஐஸுக்குள் புதைத்துக் குளிராக்குங்கள், ஐஸைச் சர்பத்துக்குள் போடாதீர்கள். பரலுக்குள் பேணியை விட்டு அள்ளும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். அள்ளுகிற ஒவ்வொரு கையும் தண்ணீருக்குள் போகிறது. குழாய் வைத்த தாங்கியை மேசையில் ஏற்றினால் போதும். கைகழுவும் இடத்தில் சவர்க்காரம் தீர்ந்துபோகாமல் பார்க்க ஒரு பிள்ளையை விடுங்கள்.

பரிமாறுவது பெரும்பாலும் அயலில் உள்ள பெடியள். சத்தியோ வயிற்றோட்டமோ இருந்தவர் அது நின்று 2 நாள் ஆகும் வரை அடுப்படிக்கும் பந்திக்கும் வர வேண்டாம். மரியாதைக்காக, "பரவாயில்லை, வாங்கோ" என்று கூப்பிடாதீர்கள், வாசலில் வெற்றிலைத் தட்டத்தோடு நிற்க விடுங்கள். கோழி வெட்டிய கத்தியும் பலகையும் பச்சடிக்குப் போகக்கூடாது.

சாப்பாட்டுக்கு வெளியேயும் சில விடயங்கள் கண்ணில் படுகின்றன. கிடுகுக் கொட்டிலுக்குள் விறகடுப்பு வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பொறியே போதும். ஜெனரேற்றரை விறாந்தையில் வைக்காதீர்கள், அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, தூங்குகிறவரை எழும்பவே விடாது. வீட்டில் இருந்து 20 அடிக்கு அப்பால் வையுங்கள். பந்தல் கம்பியில் வயரைச் சுற்றிக் கட்டுவதற்கு முன் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அமத்திப் பாருங்கள். கொதிக்கும் கிடாரம் இறக்கி வைக்கும் இடத்தைக் கயிறு கட்டி மறியுங்கள், ஓடி விளையாடும் பிள்ளைகள் விழுவது அங்கேதான். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், பற்பசை பூசாதீர்கள். விருந்து முடிந்ததும் இலைகளைக் குழியில் இட்டு மூடுங்கள். யோகட் கோப்பையும் சிரட்டையும் வேலியோரம் கிடந்து மழைத் தண்ணீர் தேங்கினால் ஒரு கிழமை முதல் 10 நாளுக்குள் டெங்கு நுளம்பு பறக்கும்.

பார்சல்

மிஞ்சின சோற்றைக் கறியோடு கட்டி, வர முடியாதவர்களுக்கும் வயதான ஆட்களுக்கும் பின்னேரம் கொடுத்தனுப்புவது எங்கள் ஊர்களின் நல்ல பழக்கம். ஆனால் அது போய்ச் சேருவது ஊரில் மிகவும் பலவீனமான உடம்புகளுக்கு. இரவு 8 மணிக்குத்தான் அவர்கள் பார்சலைப் பிரிப்பார்கள். ஆகவே அவர்களுக்குரிய பங்கை மிச்சத்தில் எடுக்காமல், முதல் பந்தி இருக்கும்போதே சூட்டோடு கட்டி அனுப்புங்கள். "உடனே சாப்பிடுங்கோ அம்மா, இரவுக்கு வைக்க வேண்டாம்" என்று கொண்டுபோகிற பிள்ளை வாயால் சொல்ல வேண்டும். சொதி, பால்கறி, பச்சடி மூன்றையும் பார்சலில் வைக்காதீர்கள். பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 முதல் தடை. வாழையிலையில் கட்டிக் கடதாசி சுற்றினால் போதும்.

பந்தி தொடங்கும்போது ஒவ்வொரு உணவிலும் ஒரு கைப்பிடியளவு தனித்தனியாகக் கொதிதண்ணீரில் கழுவிய போத்தல்களில் எடுத்து, மூடி, நேரத்தை எழுதி, பிரிட்ஜில் 3 நாள் வைத்திருங்கள். யாருக்கும் சுகமில்லாமல் போனால் எந்தக் கறி என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. சுகமில்லாமல் போகிறவருக்கு ஜீவனி ஒரு பைக்கற்றை 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு பாவிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை கொடுக்கவே கூடாது. மலத்தில் இரத்தம், விடாத சத்தி, சலம் போகாமை, சோர்ந்து கண் செருகுதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். இரண்டு பேருக்கு மேல் ஒரே மாதிரி வந்தால் அன்றைக்கே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள். பயந்து மிச்சச் சாப்பாட்டைப் புதைத்துக் கிடாரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடாதீர்கள். நாங்கள் வரும்வரை மூடி ஒரு பக்கம் வையுங்கள், வந்தவர்களின் மொய்க் கொப்பியையும் கையில் வைத்திருங்கள். யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அதில்தான் இருக்கும்.