குளத்தில் ஆயிரம் வாத்து: எண்ணுவது எப்படி?

தாமிரபரணிப் பாசனத்துக் குளங்களில் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். இன்று ஒரு குளத்தில் மேயும் வாத்துக் கூட்டம் நாளை பக்கத்து ஊர்க் குளத்தில் இருக்கும். அதனால்தான் பல குழுக்களாகப் பிரிந்து சில நாட்களுக்குள் முடித்துவிடுவது. வாரக்கணக்கில் இழுத்தால் அதே வாத்து இரண்டு முறை கணக்கில் ஏறும்.

காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள்; வெயில் முதுகில் விழ வேண்டும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புத்தான். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத வேண்டும். மடை, கருவேலந்திட்டு, மறுகரைப் பனை என அசையாத அடையாளங்களை வைத்துக் குளத்தைப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சிறு கூட்டமென்றால் ஒவ்வொன்றாக எண்ணலாம். பெருங்கூட்டத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தைக் கண்ணில் பதித்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஐம்பது, நூறாக. சறுக்குவது இங்கேதான். கூட்டத்தின் நடுவில் பறவைகள் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் இருக்கும். ஓரத்து அளவை நடுவுக்கும் வைத்தால் எண்ணிக்கை குறைந்துபோகும். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தால் கூட்டமே எழும்பிவிடும். அமர்ந்தபின் அந்தப் பகுதியை முதலிலிருந்து எண்ணுவதைத் தவிர வழியில்லை. முக்குளிப்பானைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: நீங்கள் பார்க்கும்போது பாதி தண்ணீருக்கடியில் இருக்கும்.

நீலச்சிறகு வாத்து இன்னொரு தலைவலி. ஆணின் கண்ணுக்கு மேலுள்ள அகன்ற வெள்ளைப்பட்டையைத் தேடினால் ஏமாறுவீர்கள். ஜனவரியிலும் பல ஆண்கள் பெட்டையைப் போலவே மங்கலாக இருக்கும். பறக்கும்போது முன்சிறகின் வெளிர்நீலம் ஆணைக் காட்டிக்கொடுக்கும். அப்படியும் தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாத வாத்து, 200’ என்று எழுதுங்கள். ஊகித்து எழுதும் பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

நீர்மட்டத்தையும், ஆகாயத்தாமரையும் சம்பும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதையும் கட்டாயம் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டிய ஆண்டில் சுற்றுவட்டாரமெங்கும் தண்ணீர் நிற்கும்; பறவைகள் சிதறிப்போகும். குளம் நிரம்பி ஆழமானால் உள்ளான்களுக்குக் கால் ஊன்றவும் இடமிருக்காது. அந்த ஆண்டு எண்ணிக்கை சரிந்ததைப் பார்த்துப் பறவைகளே குறைந்துவிட்டன என்று சொல்லிவிட முடியாது.

போய்ப் பார்த்து ஒரு பறவைகூட இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால், யாரும் அந்தக் குளத்துக்குப் போகவில்லை என்றுதான் கணக்கைப் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.