செரிப்ரல் ஆஞ்சியோகிராம்: மூளைக் குருதிக்குழல் வரைபடம்

‘ஆஞ்சியோ’ என்றதும் பலருக்கும் இதயம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இதயம் எங்கும் இல்லை. கிரேக்க மொழியில் ‘ஆங்கெயோன்’ என்றால் கலன். ‘கிராபெயின்’ என்றால் எழுதுதல், வரைதல். எந்த உறுப்பின் குருதிக்குழலைப் படமெடுத்தாலும் அது ஆஞ்சியோகிராம்தான். ‘செரிப்ரம்’ இலத்தீனில் மூளை.

உயிருள்ள மனிதரின் மூளைக் குழல்களை முதன்முதலில் படமாக்கியவர் போர்ச்சுகீசிய நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ். 1927இல் லிஸ்பனில், கழுத்துத் தமனிக்குள் சோடியம் அயோடைடு கரைசலைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். இன்று குழல்களைப் படத்தில் தெரியவைக்கும் மருந்தைக் கைச் சிரையில் ஏற்றி சிடி ஆஞ்சியோ எடுக்கிறார்கள். எம்ஆர்ஐ கருவியில் எடுக்கும் எம்ஆர் ஆஞ்சியோவில் சில முறைகளுக்கு அந்த மருந்துகூட வேண்டாம்.

சில வைரஸ் தொற்றுகளிலும் இந்தப் படம் தேவைப்படலாம். என்ன தொடர்பு? அக்கியை எடுத்துக்கொள்வோம். சின்னம்மை ஆறிய பிறகும் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து அக்கியாக வெளிவரலாம். கண்ணைச் சுற்றி அக்கி வந்தால் கூடுதல் கவனம் தேவை. அங்கே அக்கி வருவது முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் வழியே. அதன் கிளைகள் மூளைத் தமனிகளையும் எட்டுகின்றன. அந்த வழியே வைரஸ் தமனிச் சுவருக்குள் புகுந்தால், கொப்புளங்கள் காய்ந்து வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துப் பக்கவாதம் வரலாம். அப்போது எடுக்கும் படத்தில் தமனி சில இடங்களில் சுருங்கியும் சில இடங்களில் அடைத்தும் காணப்படும், சிலருக்குப் புடைத்திருக்கும். கோவிட் தொற்றில் பெரிய தமனிகளில் அடைப்பு வந்தவர்களும் உண்டு, மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்தவர்களும் உண்டு. சிரைகளைப் படமெடுப்பது வீனோகிராம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘நாள வரைவு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் தமனி, சிரை என்பவை இலங்கைப் பாடநூல்களில் நாடி, நாளம். அங்கே ‘நாளம்’ என்றால் சிரை மட்டுமே. மருத்துவக் குறிப்பில் இந்தக் குழப்பம் கூடாது. இலங்கையில் வழங்கும் ‘குருதிக்கலன்’ கிரேக்க மூலத்துக்கு மிக நெருக்கமானது, அழகானதும்கூட. என்றாலும் நான் ‘குருதிக்குழல் வரைபடம்’ என்பதையே தேர்வேன். இரு கரையிலும் உடனே புரியும். அத்துடன், குழல் என்றால் உள்ளீடற்றது. வழக்கமான ஆஞ்சியோ காட்டுவதும் அந்த உள்வெளியைத்தான், சுவரை அல்ல.

அக்கி வைரஸ் தமனிச் சுவரின் வெளிப்புற அடுக்கில் தொடங்கி உள்நோக்கி வருகிறது. மிகச் சிறிய தமனிகளின் பாதிப்பும் படத்தில் தெரியாமல் போகலாம். அதனால் வரைபடம் இயல்பாக இருந்தாலும், மருத்துவர் முதுகில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை எடுத்து, அதில் வைரஸின் மரபணுவையும் அதற்கெதிரான எதிர்ப்புப் புரதத்தையும் சோதிக்கச் சொல்லலாம்.