டீசல் ஊற்றியும் வேன் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

பேஸ்லைன் வீதியில் டீசல் முடிந்து ஒரு வேன் நின்றுவிடுகிறது. சாரதி ஓட்டோ பிடித்துப் போய், ஷெட்டில் 5 லீற்றர் வாங்கி வந்து ஊற்றுகிறார். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்ததில் பட்டரியும் இறங்கிவிடுகிறது. கடைசியில் கராஜிலிருந்து வரும் பாஸ் பொனட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்: “எயார் பிடிச்சிருக்கு.” டீசல் ஓடும் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

பெற்றோல் வாகனம் பெரும்பாலும் இப்படிப் படுத்துவதில்லை. இன்றைய பெற்றோல் கார்களில் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருந்து எரிபொருளை முன்னோக்கித் தள்ளுகிறது. இன்ஜினை அடிக்காமல் சாவியை ‘ஒன்’ நிலையில் வைத்து, சில விநாடி விட்டு அணைத்து, இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தால் குழாய் நிறைந்துவிடும். கார்புரேட்டர் உள்ள ஓட்டோவில் அதன் சிறு கிண்ணம் நிறைந்தால் போதும். அதற்குப் பிறகு பற்றவைப்பது பிளக்கின் பொறி.

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்கிய காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டுக்குள் டீசல் புகைபோல் சிதறி விழுந்தால்தான் தானே பற்றும். அப்படிச் சிதறவைக்க, டீசலை உள்ளே பீச்சும் முனையான நொசிலின் ஊசியைத் தூக்க வேண்டும். பழைய வகை இன்ஜின்களில் அந்த ஊசியை ஒரு ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்திருக்கும். வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் வந்தால்தான் அது திறக்கும்.

ஊசி கழற்றிய ஒரு சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். அசையாது. காற்றை மட்டும் வைத்து அழுத்தினால் பாதித் தூரம் உள்ளே போகும், விட்டதும் திரும்பி வரும். டீசல் பம்ப்புக்குள் நடப்பது இதுதான். 150 மடங்கு அழுத்தத்தில் டீசலின் கனவளவு ஏறக்குறைய ஒரு வீதம்தான் குறையும். காற்றோ 150இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பம்ப் ஒரு தடவையில் தள்ளுவது ஒரு துளியளவு டீசல். அந்த இடத்தில் சின்னக் குமிழ் ஒன்று இருந்தாலும், தள்ளிய தள்ளல் முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. பம்ப் பின்வாங்கும்போது குமிழ் மறுபடி விரிகிறது. நொசில் திறப்பதே இல்லை. இன்ஜினுக்குள் காற்று நசுங்குவதால் எரிகிற டீசல், குழாய்க்குள் காற்று நசுங்குவதால் எரியாமல் போகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய வேன்கள் பலவற்றில் தாங்கிக்குள் பம்ப் இல்லை. இன்ஜின் பக்கத்திலுள்ள பம்ப்தான் டீசலை உறிஞ்சி எடுக்க வேண்டும். வெறும் குழாயில் அது காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். மேம்பாலம் ஏறும்போது குறைவாக இருக்கும் டீசல் தாங்கியின் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரிந்தாலும் இதே கதைதான். அதனால் ஊற்றும்போது அரை லீற்றர், ஒரு லீற்றர் என்று ஊற்றாதீர்கள். சரிவில் நின்றால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

ஊற்றியதும் சாவியைத் தொடாமல் ஃபில்டரிடம் போங்கள். பல வேன்களில் அதன் தலையில் கையால் அழுத்தும் கறுப்பு நிற பம்ப் ஒன்று இருக்கும். முதலில் அது தொளதொளவென்று போகும். பக்கத்திலுள்ள காற்றுத் திருகை ஓரிரு சுற்றுத் தளர்த்திவிட்டு அழுத்திக்கொண்டே இருந்தால், ‘புஸ்’ என்ற சத்தத்தோடு வெள்ளை நுரை வரும். பிறகு குமிழும் டீசலும் கலந்து வரும். பிறகு குமிழே இல்லாத தெளிந்த டீசல். அழுத்தியபடியே திருகை இறுக்குங்கள். இப்போது பம்ப் பெருவிரலுக்கு அடியில் கல்லுமாதிரி நிற்கும். சிந்தியதைத் துடைத்த பிறகுதான் சாவி. ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள்.

தொடர்ந்து அடிப்பதை நான் இவ்வளவு வற்புறுத்தித் தடுப்பதற்குக் காரணம் பட்டரி மட்டும் அல்ல. டீசல் பம்ப்பின் உள் பாகங்களுக்கு எண்ணெய் தருவதே அதற்குள் ஓடும் டீசல்தான். காற்றோடு சுற்றச் சுற்ற உலோகத்தோடு உலோகம் தேயும். வேன் ஓடிப் பிழைக்கிறவருக்குப் பம்ப் செலவு சின்னச் செலவு அல்ல.

அப்படியும் பிடிக்காவிட்டால், பழைய இன்ஜினில் நொசில் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி இன்ஜினைச் சுழற்றி மிச்சக் காற்றை எடுப்பார்கள். பாஸிடம் விடவேண்டிய வேலை இது. கொமன் ரெயில் எனப்படும் புதிய வகை டீசல் இன்ஜினில் அந்த நட்டில் கை வைக்கவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் மடங்கையும் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத டீசல் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்ஜின் பிடித்த பிறகு சில நிமிடம் நடுங்கியும் புகைந்தும் ஓடும். மிச்சக் குமிழ்கள் போகும்வரைதான். தாங்கியின் அடியில் கிடந்த துருவும் தண்ணீரும் கடைசி டீசலோடு வந்திருக்கும் என்பதால், ஃபில்டரின் அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு, ஃபில்டர் பழையதாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். தாங்கியில் டீசல் இருந்தும் மறுநாள் காலை அதே சண்டித்தனம் என்றால், உறிஞ்சும் வழியில் எங்கோ காற்று நுழைகிறது. வெடித்த ரப்பர் குழாயையும் தளர்ந்த கிளிப்பையும் முதலில் பாருங்கள்.