ஹோம் ரூல்: ஒரு கவுண்டி ஏற்கும் தன்னாட்சி

‘ஹோம் ரூல்’ என்றதும் நமக்கு அன்னி பெசன்ட்தான் நினைவுக்கு வருவார். 1916 செப்டம்பரில் சென்னை அடையாறில் அவர் தொடங்கிய ஹோம் ரூல் லீக்கைத் தன்னாட்சி இயக்கம் என்று படித்திருக்கிறோம். சொல் அயர்லாந்திலிருந்து வந்தது. அங்கே ஐசக் பட் முன்னின்று நடத்திய இயக்கம் 1873-இல் ஹோம் ரூல் லீக் ஆனது. பிரித்தானிய முடியின் கீழ் இருந்துகொண்டே, உள்நாட்டு விவகாரங்களைப் பார்த்துக்கொள்ள டப்ளினில் ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. ஹோம் என்பது இங்கே வீடு அல்ல, சொந்த மண். ரூல் என்பது விதி அல்ல, ஆட்சி. ‘வீட்டு விதி’ என்று மொழிபெயர்த்தால் பொருளே கெட்டுவிடும்.

அமெரிக்காவில் இதே சொல் இன்னும் சிறிய அளவில் பயன்படுகிறது. ஒரு நகரமோ, மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பிரிவான கவுண்டியோ தன் ஆட்சி எப்படி அமைய வேண்டும் என்பதைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமை அங்கே ஹோம் ரூல். இந்த உரிமை ஏன் தேவைப்பட்டது என்பது 1868-இல் ஐயோவா மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜான் டில்லன் என்ற நீதிபதி சொன்ன கருத்தைப் படித்தால் புரியும். உள்ளாட்சி அமைப்புகள் மாநிலச் சட்டமன்றம் படைத்தவை; அது கொடுத்த அதிகாரம் மட்டுமே அவற்றுக்கு உண்டு. ஐயம் எழுந்தால் உள்ளாட்சிக்கு அதிகாரம் இல்லை என்றே கொள்ள வேண்டும். இதுதான் ‘டில்லன் விதி’. ஓர் ஊர் தன் அலுவலர் பதவி ஒன்றை மாற்றுவதற்குக்கூட மாநிலத் தலைநகரின் வாசலில் போய் நிற்க வேண்டிய நிலை.

மிசூரி மாநிலம் 1875-இல் தன் அரசமைப்பிலேயே இதற்கு வழி திறந்தது. மறு ஆண்டே செயின்ட் லூயிஸ் நகரம் தன் சாசனத்தை, அதாவது தன் ஆட்சி அமைப்பை எழுதிவைக்கும் ஆவணத்தை, ஏற்றது. கவுண்டிகளின் முறை வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. கலிபோர்னியா 1911-இல் அரசமைப்பைத் திருத்திக் கவுண்டிகளுக்கும் அந்த உரிமையை அளித்தது. முதலில் முன்வந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி. மக்கள் தேர்ந்தெடுத்த 15 நிலவுடைமையாளர்கள் சாசனத்தை எழுதினார்கள். 1912 நவம்பரில் வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் தந்தார்கள். 1913 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சாசனத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட, கவுண்டியே சம்பளம் கொடுத்து ஒரு பொது வழக்கறிஞர் அலுவலகத்தை அமைத்தது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ளும் வாய்ப்பு கிடைத்தபோது மக்கள் இதையும் எழுதினார்கள்!

நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பென்சில்வேனியாவில் முதலில் ஓர் ஆய்வுக் குழு வேண்டுமா என்று மக்களிடம் கேட்பார்கள்; அதே வாக்குச்சீட்டில் குழுவின் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுப்பார்கள். குழு எழுதும் வரைவு மறுபடி மக்களின் வாக்குக்குப் போகும். எல்லாம் முடிந்தாலும் கவுண்டி தனி நாடாகிவிடாது. மாநிலத்தின் பொதுச் சட்டங்கள் தொடரும். கலிபோர்னியாவில் கவுண்டிச் சாசனத்தின் வேலை பெரும்பாலும் அமைப்பைப் பற்றியது: கவுண்டியை ஆளும் வாரியத்தில் எத்தனை பேர், எந்தப் பதவிக்குத் தேர்தல், எதற்கு நியமனம். சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் சுமார் 1 கோடி மக்களுக்கு வெறும் 5 வாரிய உறுப்பினர்கள். அதை 9 ஆக்கவும், நிர்வாகத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கவும் 2024 நவம்பரில் வாக்காளர்கள் சாசனத்தைத் திருத்தினார்கள்.

இந்த அமெரிக்க ஹோம் ரூலைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘உள்ளாட்சி’ போதாது, சாசனமே இல்லாத கவுண்டியும் உள்ளாட்சிதான். ‘சுயாட்சி’ என்றால் நம் காதில் மாநில சுயாட்சி ஒலிக்கும். அது மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான விவகாரம். ஆகவே ‘தன்னாட்சி’யே பொருந்தும். அந்த ஆவணத்தைப் ‘பட்டயம்’ என்று சொன்னால் பட்டயப் படிப்போடு குழம்பும். ‘தன்னாட்சிச் சாசனம்’ என்பேன். கவுண்டியை ‘மாவட்டம்’ என்று எழுதினால் வாசகர் ஆட்சியரைத் தேடுவார். கவுண்டி என்றே இருக்கட்டும்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ‘கவுண்டிக்குத் தன்னாட்சி வழங்கப்பட்டது’ என்று எழுதுவது சரியல்ல. மாநிலம் வழியைத்தான் திறக்கிறது. உள்ளே போவதா என்பது வாக்காளர் முடிவு. கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளில் 14 மட்டுமே சாசனக் கவுண்டிகள். அதனால் ‘கவுண்டி தன்னாட்சிச் சாசனத்தை ஏற்றது’ என்று எழுதுங்கள்.