ஒரே மாதிரி மோட்டார், வேறு வேறு ப்ரொப்பல்லர்

காட்பாடியில் மாதிரி விமானங்களைப் பழுது பார்க்கிறேன். மே மாதம் வந்தால் என் மேசையில் கருகிய இ.எஸ்.சி.க்கள் (பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்பலகைகள்) சேர ஆரம்பிக்கும். வெயில்மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி ப்ரொப்பல்லர்தான்.

போன வருடம் ஒரு கல்லூரி மாணவன் வந்தான். நண்பனின் விமானத்தில் 10 அங்குல ப்ரொப்பல்லர் அருமையாக இழுக்கிறதாம். அதையே இவனும் மாட்டியிருக்கிறான். பாலாற்று மணலில் வைத்து முழு த்ராட்டில் கொடுத்த சில நொடிகளில் புகை. இருவருடையதும் 2212 என்ற அளவு மோட்டார்தான், ஆனால் நண்பனுடையது 1000 கேவி, இவனுடையது 2200. வெளியில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

கேவி என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. அதே ப்ரொப்பல்லரை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றவைக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். 2200 மோட்டார் அந்த வேகத்தை எட்டப் பார்த்து, முடியாமல் கரண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூன்று செல் லிப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரி) 1000 கேவிக்கு 10x4.5 சரி, 2200 கேவிக்கு 6x4 போதும்.

முதல் எண் விட்டம். அதை 10-லிருந்து 9 ஆக்கினால், அதே சுற்று வேகத்தில் சுமை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அடுத்தது பிட்ச், அதாவது வழுக்காமல் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்துக்கு அதிக பிட்ச் போடுவது, ஏலகிரியின் 14 வளைவுகளையும் டாப் கியரில் ஏறப் பார்ப்பது மாதிரி.

வெயிலுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 42 டிகிரியில் காற்றின் அடர்த்தி 25 டிகிரியில் இருப்பதைவிட 5 சதவீதம் குறைவு. இழுவை குறைந்ததாகத் தோன்றும், உடனே பெரிய ப்ரொப்பல்லர் மாட்டுவார்கள். சூடு தணிய வழியில்லாத நேரத்தில் சுமையைக் கூட்டுகிறோம் என்று தோன்றாது.

மாட்டும்போது எண் பொறித்த பக்கம் முன்னால் இருக்கட்டும். இது தலைகீழாகிப்போய் "மோட்டார் வீக்" என்று கொண்டுவந்தவர்களும் உண்டு. அப்புறம் முழு சார்ஜ் பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவில் வாட் மீட்டர் வைத்து, விமானத்தை இறுகக் கட்டி, ப்ரொப்பல்லர் சுழலும் தளத்தில், அதாவது அதன் பக்கவாட்டில், நிற்காமல் பின்னால் நின்று, பத்து நொடி முழு த்ராட்டில் கொடுங்கள். 30 ஆம்பியர் இ.எஸ்.சி. என்றால் 24-ஐத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. மே மாதத்தில் 20-லேயே நிறுத்திக்கொள்வேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தொடுங்கள். விரலை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் ப்ரொப்பல்லர் விட்டத்தில் ஒரு அங்குலம் குறையுங்கள். விளிம்பு உடைந்த ப்ரொப்பல்லரைப் பசை போட்டு ஒட்டவே வேண்டாம்.

அந்த மாணவன் இப்போது 6x4 ஓட்டுகிறான். மோட்டாருக்கு அடியில் பலகையில் 2200 என்று மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான்.